இறங்காத பாஸ்

கல்யாண வீடுகளில் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் முன்பெல்லாம் நீளமாகப் பதில் சொல்வேன். இப்போது சுருக்கிக்கொண்டேன். "ஃபோனில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஃபைல் இறங்க வேண்டும். அது இறங்கும்படி செய்கிற வேலை" என்பேன். உடனே, "அது தானா இறங்காதா?" என்று கேட்பார்கள். ஒருத்தர் விடாமல் இதையேதான் கேட்பார்கள். தானாக இறங்காது ஐயா. உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் தானாகவா வருகிறது? யாரோ ஒருத்தன் எங்கோ பள்ளம் தோண்டிக் குழாய் பதித்திருக்கிறான். வராத அன்றைக்குத்தான் அவன் ஞாபகம் வரும், அதுவும் திட்டுவதற்கு.

கம்ப்யூட்டரில் இந்தச் சங்கடம் அவ்வளவாகக் கிடையாது. ஃபோனில்தான் எழவு. ஒரு பிரவுசர் ஃபைலை இறக்காமல் அங்கேயே விரித்துக் காட்டும், திரும்பிப்போக வழி தெரியாது. இன்னொன்று சத்தமில்லாமல் இறக்கி ஒரு மூலையில் போடும். போட்ட இடம் அதற்குத்தான் தெரியும், ஃபோனுக்குச் சொந்தக்காரன் கேலரியில் போட்டோக்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருப்பான். மூன்றாவது வகை ஒன்று உண்டு. அமுக்கினால் எதுவுமே நடக்காது. தப்பு என்றும் சொல்லாது, சரி என்றும் சொல்லாது. மூன்றிலும் மோசம் அதுதான். தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் மனிதன் வேறு வழி பார்ப்பான். ஒன்றும் சொல்லாவிட்டால் மறுபடி அமுக்குவான். யாராக இருந்தாலும் அமுக்குவான்.

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு விழிஞ்ஞம் பக்கத்தில் ஒரு தனியார் சரக்கு யார்டில் வேலை. அந்த வேலை இருக்குமா போகுமா என்பது இப்படி ஒரு பொத்தானில் வந்து நின்றது. அந்தப் பொத்தானைச் செய்துகொடுத்த கம்பெனியில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். ஊர்ப்பட்ட கம்பெனி இருக்க, அது எங்கள் கம்பெனியாகவா இருந்து தொலைக்க வேண்டும்?

நாங்கள் நாகர்கோவில் பக்கம். அப்பா இங்கே சாலை என்கிற கடைவீதியில் ஓர் இரும்புக்கடைக்குக் கணக்குப் பார்க்க வந்தார். அப்படியே திருவனந்தபுரத்துக்காரர்கள் ஆகிவிட்டோம். வீட்டில் தமிழ், படி இறங்கினால் மலையாளம், ஆபீஸில் இரண்டையும் ஆங்கிலத்தில் போட்டுக் கலக்கிய ஒன்று. அத்தானுக்குத் தோவாளை. கல்யாணம் ஆனதும் அவரும் இங்கேயே வந்துவிட்டார். நேமத்தில் வாடகை வீடு. யார்டில் கிரேன் கண்டெய்னரைத் தூக்கும்போது, கீழே நின்று, மேலே இருக்கிறவனுக்குக் கை காட்டுவது அவர் வேலை. கை ஒன்று தப்பினால் கீழே நிற்பவன் சட்னி. அவர் கை காட்டிய இடத்தில் இதுவரை ஒருத்தனுக்கும் சிராய்ப்புக்கூட இல்லை என்று அக்கா பெருமையாகச் சொல்லுவாள், அவர் இல்லாத நேரத்தில்.

அப்படிப்பட்ட எச்சரிக்கை அவருக்கு. வீட்டைப் பூட்டினால் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். தெருவில் இறங்கி நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொருமுறை இழுத்துப் பார்ப்பார். "பூட்டு உங்களுக்கு என்ன துரோகம் பண்ணிச்சு?" என்று அக்கா கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே வருவார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் இந்த வேலையை விட்டால் வேறு யார்டில் புதிதாகச் சேர்க்கமாட்டார்கள். கண் பரிசோதனை, காது பரிசோதனை என்று ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

யார்டுக்காரர்கள் பழைய அட்டைப் பாஸை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஒரு பாஸை ஃபோனிலேயே கொடுக்க ஆசைப்பட்டார்கள். எங்களிடம் வந்தார்கள். தொழிலாளிகளின் ஃபோனில் ஏற்கெனவே அவர்களுடைய வருகைப்பதிவு ஆப் ஒன்று இருந்தது. அதில் செய்தி வரும், தொட்டால் எங்கள் வலைப்பக்கம் திறக்கும், பாஸ் தெரியும், கீழே டவுன்லோட் பொத்தான். கேட்டில் நிற்கும் காவலாளி பாஸிலுள்ள கியூஆர் கோடைத் தன் கருவியால் பார்ப்பான். பச்சை வந்தால் உள்ளே, சிவப்பு வந்தால் வெளியே.

ஒருத்தன் பாஸை இன்னொருத்தன் காட்டி நுழைந்துவிடுவான் என்று யார்டுக்காரர்களுக்கு ஒரு பயம். அதற்கு எங்கள் டீம் லீட் ஒரு புத்திசாலித்தனம் செய்தார். பொத்தானை அமுக்குகிற ஒவ்வொரு தடவையும் புதுப் பாஸ் பிறக்கும், முந்தியது செத்துப்போகும். செத்த பாஸைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறவனுடைய பெயர் தானாகவே தடையில் விழும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போகிற எல்லாருடைய பேச்சும் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

நான் சொன்னேன். பத்துப் பேர் இருந்த மீட்டிங்கில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். எங்கள் வலைப்பக்கம் பாஸை ஃபோனுக்குள்ளேயே தயார் செய்து அங்கேயே இறக்கப் பார்க்கிறது. ஃபோனின் சொந்த பிரவுசரில் திறந்தால் அது நடக்கும். ஆனால் வருகைப்பதிவு ஆப் எங்கள் பக்கத்தை வெளியே திறப்பதில்லை. தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசரை வைத்துக்கொண்டு அதில் திறக்கிறது. அந்தக் குட்டிக்கு இப்படி வரும் ஃபைலை என்ன செய்வதென்று தெரியாது. சும்மா இருந்துவிடும். ஆனால் அமுக்கிய கணக்கு எங்கள் சர்வருக்கு வந்துவிடும், பழைய பாஸ் செத்துவிடும், புதுப் பாஸ் அவன் கைக்குப் போகாது.

"பாஸை சர்வரிலேயே முதலில் செஞ்சு வச்சிருவோம். அதுக்கு நேரா ஒரு முகவரி கொடுப்போம், சேமிக்க வேண்டிய ஃபைல்னு சர்வரே சொல்லி அனுப்பட்டும். எத்தனை தடவை அமுக்கினாலும் அதே பாஸ் வரட்டும்" என்றேன்.

"முகவரி கொடுத்தா அதை ஆருக்கு வேணும்னாலும் அனுப்பலாமே. செக்யூரிட்டி எந்தாவும்?" என்றார் லீட். பாதுகாப்பு என்ன ஆகும் என்கிறார். அவர் பேச்சில் மலையாளமும் தமிழும் இப்படித்தான் கைகோத்து வரும்.

"கொஞ்ச நேரத்துல காலாவதி ஆகிற முகவரியா கொடுக்கலாம்."

அவர் தன் ஃபோனை எடுத்தார். வருடாவருடம் மாற்றுகிற வகை ஃபோன். எங்கள் பக்கத்தை அதன் பிரவுசரில் திறந்து அமுக்கினார். பாஸ் அழகாக இறங்கியது. "என்டெ ஃபோனில் வருந்நுண்டல்லோ" என்று, தன் ஃபோனில் வந்திருப்பதை எல்லாருக்கும் காட்டினார். சோதனை செய்கிற பெண்ணிடம் கேட்டார். அவள் லாப்டாப்பில் ஜன்னலைக் கைபேசி அகலத்துக்குச் சுருக்கி வைத்துக்கொண்டு, மொபைலும் பார்த்தாச்சு சார் என்றாள். யார்டில் வேலை செய்கிறவன் ஃபோன் ஒன்று, விரிசல் விழுந்த கண்ணாடியும் நிரம்பி வழிகிற மெமரியுமாக, அந்த அறையில் ஒருத்தர் கையிலும் இல்லை. "பாக்கி யூசர் நோக்கிக்கோளும்" என்று லீட் முடித்தார். மிச்சத்தை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

ஜனங்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எப்போதுமே ஒரு வழி உண்டு. பாஸ் திரையில் தெரிந்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டார்கள். போட்டோ கேலரியில் போய் விழும், கேட்டில் எடுத்துக் காட்டினால் பச்சை. டவுன்லோட் பொத்தான் என்று ஒன்று கீழே இருப்பதைக்கூட யாரும் கண்டுகொள்ளவில்லை. பழைய பாஸைச் சாகடிக்கிற பொத்தானை யாருமே தொடாததால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. புகார் ஒன்றும் வரவில்லை என்று ஆபீஸில் சந்தோஷப்பட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். "டே, உங்க அத்தான் வேலைக்குப் போகல்ல. கேட்டா லீவுங்காரு. காய்ச்சல் அடிச்சாலே லீவு போடாத ஆளு. நீ வந்து பேச்சோட பேச்சா என்னன்னு கேளு. நா சொன்னேன்னு சொல்லாத, கேட்டியா."

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் தனக்கு நேர்ந்த அவமானத்தைப் பெண்ணெடுத்த வீட்டில் சொல்லமாட்டார். நாங்களும் கேட்கமாட்டோம். கேட்டால் அவருடைய கௌரவத்தைத் தொட்ட மாதிரி. வேலை எப்படிப் போகுது அத்தான் என்றால், கொள்ளாம் மாப்ளே என்பார், பரவாயில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் எங்களுக்குள் இத்தனை வருடமாக. இந்தப் பாழாய்ப்போன மரியாதையால் எத்தனை வீட்டில் எத்தனை காரியம் கெட்டிருக்கிறதோ.

நேமத்துக்குப் போனேன். அத்தான் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஏதேதோ பேசினேன். அவரும் ஏதேதோ சொன்னார். கடைசியில் அக்காவே உள்ளேயிருந்து, "யார்டுல ஏதோ பாஸாமே, அதயாவது இவன்ட்ட காட்டுங்களேன், இவன் அந்த வேலைதான பாக்கான்" என்றாள். அத்தான் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தார்.

"கேட்டுல செவப்பு காட்டுது மாப்ளே. மொதல்ல ஒருக்கா காட்டிச்சு. சூப்பர்வைசர் வந்து உள்ள கூட்டிட்டுப் போனாரு. பொறவு மறுபடியும். இப்பம் பேரயே தடுத்து வச்சிருக்கு. கள்ளப் பாஸுங்கான்."

"எப்படி எடுப்பீங்க அத்தான்? எனக்குச் செஞ்சு காட்டுங்க."

ஆப்பைத் திறந்தார். போன வாரத்துச் செய்தி கிடந்தது, தொட்டார். பக்கம் திறந்தது. இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தி நிதானமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். கேலரிக்குப் போய், போட்டோ விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். திரும்ப எங்கள் பக்கத்துக்கு வந்தார். வந்து, டவுன்லோடை அமுக்கினார்.

"அதான் போட்டோ எடுத்துட்டீங்களே. எதுக்கு இத அமுக்குறீங்க?"

"அது போட்டோதான மாப்ளே. அழிஞ்சு கிழிஞ்சு போச்சுன்னா? ஒரிஜினல் ஒண்ணு உள்ள கெடக்கட்டும்னுதான்."

"வந்துச்சா?"

"எங்க வருது. நெட்டு கெடைக்கலயோன்னு இன்னும் ஒருக்கா அமுக்குவேன்." சொல்லிக்கொண்டே அமுக்கினார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. கூட வேலை செய்தவர்கள் போட்டோ எடுத்ததோடு ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள், அவர்களுக்கெல்லாம் பச்சை. பூட்டை இரண்டாம் முறை இழுத்துப் பார்க்கிற ஒரு மனிதன், ஒரு பந்தோபஸ்துக்காக இன்னும் ஒன்று செய்தான். அவன் பெயர் கள்ளனுடைய பெயரானது. அசட்டையாக இருந்தவனுக்குக் கதவு திறக்கிறது, கவனமாக இருந்தவனுக்கு மூடிக்கொள்கிறது. இப்படி ஒரு பொத்தானை உலகத்தில் வேறு யாராவது செய்திருப்பார்களா என்று தெரியவில்லை.

"இது உங்க தப்பே இல்ல அத்தான். எங்க பக்கத்துல உள்ள தப்பு. ஆபீஸ்ல சொல்லிச் சரிபண்ணிருதேன்" என்றேன்.

அவர் ஃபோனை வாங்கிக்கொண்டார். "உனக்கு அதனால கொழப்பம் ஒண்ணும் வராதுல்லா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்கு என்ன வரப்போகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆபீஸில் சர்வர் பதிவுகளைப் பிரித்துப் போட்டு லீடிடம் காட்டினேன். பாஸ் பிறந்தது, அமுக்கியது, செத்தது, கேட்டில் சிவப்பு விழுந்தது, எல்லாம் வரிசையாக இருந்தது. அத்தான் என்று சொல்லவில்லை, யார்டில் ஒரு தொழிலாளி என்றுதான் சொன்னேன். லீட் முழுவதையும் படித்தார். படித்துவிட்டு, நான் மீட்டிங்கில் சொன்னதை நான் சொன்னதாக நினைவில்லாமல் அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னார். சர்வரில் செய்து வைக்கலாம், காலாவதி ஆகிற முகவரி கொடுக்கலாம், எத்தனை தடவை அமுக்கினாலும் ஒரே பாஸ் வரவேண்டும். நல்ல யோசனை சார் என்றேன். வேறு என்ன சொல்ல?

"அந்தத் தொழிலாளியோட பேரைத் தடையிலிருந்து எடுக்கணும். தப்பு நம்ம பக்கத்துலதான்னு யார்டுக்கு ஒரு மெயில் போட்டா எடுத்திருவாங்க" என்றேன்.

அங்கேதான் அவர் முகம் மாறியது. மேனேஜரைக் கூப்பிட்டார். இருவரும் கண்ணாடி அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் பேசினார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயமாம். தப்பு எங்களுடையது என்று எழுத்தில் கொடுக்க முடியாதாம். மேனேஜர் என்னையே மெயில் எழுதச் சொன்னார். நான் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அவர் திருத்தி அனுப்பினார். திருத்தியதில் என் வாக்கியம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஊழியரின் கைபேசி சார்ந்த காரணமாக இருக்கலாம் என்று ஒரு வரி, அடுத்த வெளியீட்டில் வசதி மேம்படுத்தப்படும் என்று ஒரு வரி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் கட்டியதும் இவர்கள்தான், ஆடியதும் இவர்கள்தான், கோணல் மட்டும் அத்தானுடைய ஃபோன்.

கைபேசி சார்ந்த காரணம் என்றால் யார்டின் செக்யூரிட்டி அதிகாரிக்கு என்ன தோன்றும்? இவன் கைபேசியில் என்னவோ செய்திருக்கிறான் என்றுதான் தோன்றும். அத்தானை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். போய்விட்டு வந்தவர் அங்கே என்ன கேட்டார்கள் என்று சொல்லவில்லை, சோறும் சரியாக இறங்கவில்லை என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு விழிஞ்ஞத்துக்கு பஸ் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. அத்தானிடம் சொன்னால் வேண்டாம் என்பார், அக்காவிடம் சொன்னால் அத்தானிடம் சொல்லுவாள்.

யார்டு வாசலில் ஒரு தகரக் கொட்டகைதான் காவல் அலுவலகம். அதிகாரி மரியாதையானவராகத்தான் இருந்தார், உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். நான் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். இது முதல் பாஸ், இங்கே போட்டோ எடுக்கிறார், இங்கே அமுக்குகிறார், முதல் பாஸ் செத்துவிடுகிறது, புதிது அவர் கைக்கு வருவதில்லை. இதில் திருட்டு ஒன்றும் இல்லை சார். அவர் கவனமாகக் கேட்டார், நடுவில் இரண்டு நல்ல கேள்விகள்கூடக் கேட்டார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன். எனக்கு மனசில் ஒரு நிம்மதி வந்ததை இப்போது நினைத்தாலும் கசக்கிறது.

"எல்லாம் சரி. இயாளுக்கு நிங்ஙள் ஆரா?" என்றார். இவருக்கு நீங்கள் யார் என்று கேட்கிறார்.

"என் அக்காவோட பர்த்தாவு சார்" என்றேன். சொந்தக்காரன் என்றால் இன்னும் கொஞ்சம் இரக்கம் வரும் என்று நினைத்தேன்.

அவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். "அது அவர் பறஞ்ஞில்லல்லோ" என்றார். எனக்கு மலையாளம் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, பிறகு மெதுவாகத் தமிழில் சொன்னார். "நான் அவர்ட்ட திரும்பத் திரும்பக் கேட்டேன். பாஸ் செய்யிற கம்பெனியில உங்களுக்கு ஆரெங்கிலும் உண்டோன்னு. இல்ல, எனக்கு ஆரையும் அறியாதுன்னு சொன்னாரு."

நான் என்ன சொல்லியும் அதன்பிறகு எடுபடவில்லை. என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். யார் அனுப்பி வந்தாய் என்று கேட்டார், யாரும் அனுப்பவில்லை என்றேன். நான் போட்ட படத்தை மடித்துத் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டார். பாஸ் எப்படிச் சாகும், எப்படிப் பிறக்கும் என்பதையெல்லாம் என் கையாலேயே வரைந்து கொடுத்திருந்தேனே. அவர் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

நான் பஸ்ஸில் இருக்கும்போதே கம்பெனிக்கு ஃபோன் போய்விட்டது. மறுநாள் மேனேஜர் கத்தினார், எச்சரிக்கை என்றார், பிறகு அடங்கினார். எங்கள் ஆள் பாஸ் செய்துகொடுத்தான் என்று ஆகிவிட்டால் ஒப்பந்தமே போய்விடும் இல்லையா? அதனால் கம்பெனி உட்கார்ந்து என்னுடைய எல்லாப் பதிவுகளையும் அலசி, எங்கள் ஊழியருக்கு இதில் பங்கில்லை என்று சான்றிதழ் மாதிரி ஒன்று கொடுத்தது. பங்கு இல்லைதான், அது உண்மைதான். ஆனால் எனக்குப் பங்கில்லை என்றால் மிச்சம் யார்? அத்தான் ஒருத்தர்தான். என்னைக் காப்பாற்றிய அதே காகிதம் அவர் கழுத்தைப் பிடித்தது.

அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"உன்ன யாருடே அங்க போகச் சொன்னா?"

"நான் நல்லதுக்குத்தான்க்கா..."

"நல்லதுக்கு. அவரு எதுக்கு வாய மூடிட்டு இருந்தாருன்னு தெரியுமா? எங்கிட்டயே இப்பம்தான் சொன்னாரு. அந்தக் கம்பெனில என் மச்சினன் இருக்கான்னு சொன்னா மொதல்ல உன்னத்தான் பிடிப்பான், உன் வேலையும் போகும்னு. அறியாதுன்னே சொல்லிட்டு வந்தாரு. பொய் பேசுற ஆளா அவரு? உனக்காகப் பேசினாரு. நீ நேராப் போயி அவரப் பொய்யனாக்கிட்டு வந்திருக்க."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றாள். இரண்டும் நியாயம்தான். சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது என்று இத்தனை வருடம் மரியாதையைக் கட்டிக் காத்தவர்கள் நாங்கள். அந்த மரியாதையை இப்போது உப்புப் போட்டு நக்கலாம்.

இதற்கிடையில் பொத்தானைச் சரிசெய்கிற வேலையை என்னிடமே கொடுத்திருந்தார்கள். கோபத்தோடுதான் செய்தேன், ஆனால் ஒழுங்காகச் செய்தேன். பாஸ் முதலிலேயே சர்வரில் இருக்கும். அமுக்கினால் நேர் முகவரிக்குப் போகும், இது சேமிக்க வேண்டியது, இதன் பெயர் இது என்று சர்வரே சொல்லி அனுப்பும். ஆப்பின் வயிற்றுக்குள் இருந்தால் ஃபோனின் பிரவுசருக்குத் தள்ளிவிடும். வந்த பிறகு, வந்தது, இங்கே இருக்கிறது, தொட்டால் திறக்கும் என்று ஒரு வரி காட்டும். விரிசல் விழுந்த பழைய ஃபோன்களை நானே சாலைக் கடைவீதியில் ஒரு ரிப்பேர் கடையில் கேட்டு வாங்கிச் சோதித்தேன். எல்லாவற்றிலும் இறங்கியது. கம்பெனி இதைப் புது வசதி என்று அறிவித்தது. ஆபீஸ் சாட் குழுவில் லீட் கைதட்டுகிற பொம்மையைப் போட்டார், எல்லாரும் வரிசையாகப் போட்டார்கள். நான் போடவில்லை. நான் அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன்.

அந்த வசதி நடைமுறைக்கு வந்து, யார்டுக்காரர்கள் தங்கள் கடிதங்களையும் அதன் வழியே அனுப்பத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானே கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அழைத்தது அன்றைக்குத்தான். "யார்டுலேருந்து ஆப்புல ஒண்ணு வந்திருக்கு மாப்ளே. இங்கிலீஷா இருக்கும்போல. வந்து பாரு" என்றார்.

போனேன். முன்னறையில் உட்கார்ந்திருந்தார், அக்கா கதவோரம் நின்றாள். ஃபோனை என்னிடம் நீட்டவில்லை. நான் வந்த பிறகு திறக்கலாம் என்று காத்திருந்தார் போலும். செய்தியைத் தொட்டார். எங்கள் பக்கம் திறந்தது. பொத்தானை அமுக்கினார். ஒரே தடவைதான். ஃபைல் இறங்கிவிட்டது என்று ஒரு வரி வந்தது, எங்கே இருக்கிறது என்றும் சொன்னது. நான் எழுதிய வரி அது. அதைத் தொட்டார், திறந்தது.

வாசித்துச் சொல்லச் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். போலிப் பாஸ் பயன்படுத்தியதற்காகவும், விசாரணையில் உண்மையை மறைத்ததற்காகவும் வேலையை விட்டு நீக்கியிருக்கிறார்கள். அந்த நிர்வாகத்தின் எந்த யார்டிலும் இனிமேல் நுழையக் கூடாது.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அத்தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்துட்டு பாத்தியா" என்றார். "நீ செஞ்சதுதான?"

கேலியாகச் சொல்லவில்லை. அந்த மனிதருக்குக் கேலி பேசத் தெரியாது.

"ஆமா அத்தான்."

"கூட உள்ள பயலுவளுக்குப் பாஸும் இப்பம் இப்பிடித்தான் வருமா?"

"ஆமா."

"அப்பம் சரி" என்றார். "எவனும் ரெண்டாந்தடவ அமுக்க மாட்டான்."